ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் .308: முதலில் எதை மாற்றலாம்?

கேள்வி: 18 அங்குலக் குழல் உள்ள வேட்டைத் துப்பாக்கி, மான் வேட்டைக்கு. பைபாட் (முன்பக்கம் தாங்கும் இரு கால்) போட்டுச் சுட்டால் குண்டு படும் இடம் மாறுது. குழலை மாற்றணுமா?

பதில் 1: குழலைத் தொடாதீங்க நண்பரே. பிளாஸ்டிக் ஸ்டாக்கின் (துப்பாக்கியைப் பிடிக்கும் உடற்கட்டை) முன்பகுதி வளைந்து குழலை உரசுது. தோட்டாவை எடுத்துட்டு, பைபாடில் அழுத்தியபடி குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே உள்ள இடுக்கில் தாளை விட்டு இழுங்க. சிக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்ங்க. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகள் தளர்ந்தாலும் இதே கோளாறுதான், அதையும் பாருங்க.

பதில் 2: புது ஸ்டாக் வாங்கினால், ரிசீவரை (குழல் பொருந்தும் உலோக நடுப்பகுதி) தாங்கும் வி வடிவக் கட்டைகள் இரண்டுக்கும் அதில் இடம் இருக்கணும். அந்த இடம் இல்லாதது உட்காராது. உயரமானவருக்கு, டிரிகரிலிருந்து ஸ்டாக்கின் பின்முனை வரை உள்ள 12.5 அங்குல நீளம் பத்தாது; .308 உதைக்கும்போது ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும்.

பதில் 3: டிரிகருக்குச் செலவு வேண்டாம். அதை இழுக்க வேண்டிய விசையை 3 முதல் 5 பவுண்டு வரை அதிலேயே திருகி வைக்கலாம். குறைத்தபின் காலித் துப்பாக்கியை காக் செய்து (சுடும் நிலைக்குக் கொண்டுவந்து), அடிக்கட்டையைத் தரையில் தட்டுங்க. தானாக விடுபட்டால் மறுபடி கூட்டுங்க.