‘செகண்ட்ஸ் அவுட்’: கேப்ரியேல் இல்லாத ஜெனிசிஸ் மேடையில் குறைந்ததா, நிறைந்ததா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

ஜெனிசிஸ் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் மேடை இசையைக் கேட்க 1973-இல் வந்த ‘ஜெனிசிஸ் லைவ்’ ஒன்றே போதும் என்றும், பாடகர் பீட்டர் கேப்ரியேல் விலகிய பிறகு வந்தவை அசலின் நிழல் என்றும் நகரி ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1977 அக்டோபரில் வெளியான ‘செகண்ட்ஸ் அவுட்’ என்னும் இரட்டை இசைத்தட்டில்தான் அந்தக் குழு மேடையில் தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் தாளத்தைச் சொல்கிறேன். 1975-இல் கேப்ரியேல் விலகியதும், அதுவரை டிரம்ஸ் வாசித்துவந்த பில் காலின்ஸ் பாடகராக முன்னே வந்தார். 1977 ஜூனில் பாரிஸில் இத்தட்டின் பெரும்பகுதி பதிவானபோது டிரம்ஸில் இருந்தவர், அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவுடனும் வெதர் ரிப்போர்ட் என்னும் ஜாஸ் குழுவுடனும் வாசித்துத் தேறிய செஸ்டர் தாம்ஸன். பாட்டு நின்று வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் இடங்களில் காலின்ஸும் பின்னே போய் உட்கார்ந்துகொள்ள, இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ‘ஆஃப்டர்க்ளோ’ பாடல் முடியும் தறுவாயில் இருவரும் ஒன்றாக உருட்டிக்கொண்டு இறங்கும் ஒரு கோவை வருகிறது. ஸாப்பாவின் 1974 ஆம் ஆண்டு நேரடித் தட்டில் தாம்ஸனும் இன்னொரு டிரம்மரும் வாசித்ததைக் கேட்டு மனம் பறிகொடுத்த காலின்ஸ், அதையே இங்கே கொண்டுவந்தார். ஸ்டூடியோப் பதிவில் இந்த உருட்டல் கிடையாது. அதைக் கேட்ட பிறகு ஸ்டூடியோப் பதிவுக்குத் திரும்ப எனக்கு மனம் வருவதில்லை.

‘தி சினிமா ஷோ’ மட்டும் அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸில் பதிவானது. அதில் காலின்ஸுக்கு இணையாக டிரம்ஸ் வாசிப்பவர் பில் புரூஃபோர்ட். பிற்பகுதியின் ஏழு எண்ணிக்கைக்கு நம் கர்நாடக இசையின் மிச்ர சாபு தாளம் போட்டுப் பாருங்கள், கை பிசகாமல் விழும்.

நகரி நேயர்

தம்பி, நீங்கள் தாளத்தைப் பேசுகிறீர்கள், நான் பாட்டைப் பேசுகிறேன். இங்கே நகரியில் இரவு விசைத்தறிகள் ஓய்ந்த பிறகு ஹெட்போனில் இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘ஜெனிசிஸ் லைவ்’ தட்டில் ‘தி மியூசிகல் பாக்ஸ்’ முழுவதுமாக இருக்கிறது. அந்தப் பாட்டின் கதையில் வரும் கிழவனின் ஆசை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வெடிக்கும் வரை கேப்ரியேல் நம்மைக் காக்க வைக்கிறார். ‘செகண்ட்ஸ் அவுட்’ அதன் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வைக்கிறது. காத்திருப்பு இல்லாமல் அந்த வெடிப்புக்கு என்ன பொருள்? ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாடலின் பியானோ முகப்பையும் எடுத்துவிட்டார்கள். கீபோர்டு வாசிக்கும் டோனி பாங்க்ஸின் மிக அழகான கற்பனைகளுள் ஒன்று அது.

காலின்ஸின் குரல் இனிமையானது, சுத்தமானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் கதையை வெளியே நின்று சொல்கிறார், கேப்ரியேல் அந்தக் கதைமாந்தராகவே ஆகிவிடுகிறார். ‘கெட் எம் அவுட் பை ஃபிரைடே’ பாடலில் வீட்டுக்காரன், அவனுடைய ஆள், குடியிருக்கும் பெண் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்துப் பாடுகிறாரே, அதற்கு ஈடாக இந்த இரட்டைத் தட்டில் எந்த இடத்தைக் காட்டுவீர்கள்? இன்னொரு குறையும் உண்டு. இந்தத் தட்டின் ஒலிக்கலவை நடந்துகொண்டிருந்தபோதே கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் குழுவை விட்டு விலகினார். அவருடைய கிட்டார் பல இடங்களில் கீபோர்டுக்கு அடியில் அமுங்கிக் கிடப்பதாகவே என் காதுக்குப் படுகிறது.

குமுளிச் சாரல்

நகரி அண்ணா, ‘ஜெனிசிஸ் லைவ்’ ஒற்றைத் தட்டு, ஐந்தே பாடல்கள். ‘சப்பர்ஸ் ரெடி’ அதில் இல்லை. இருபது நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாடல் இல்லாத தட்டை இந்தக் குழுவின் மேடைக்கு முழுச் சான்றாக எப்படி வைக்க முடியும்?

நகரி நேயர்

கேப்ரியேல் பாடிய ‘சப்பர்ஸ் ரெடி’ இல்லாமல் போகவில்லை, சகோதரி. 1973 அக்டோபரில் லண்டன் ரெயின்போ அரங்கில் பதிவானது 1998-இல் பெட்டித் தொகுப்பாக வெளிவந்தது. அந்தப் பாடலின் ‘வில்லோ ஃபார்ம்’ பகுதியில் அவர் பூ முகமூடி அணிந்து பாடிய காலம் அது. முகமூடியைக் கண்ணால் பார்க்காமலே குரலில் அதைக் கேட்கலாம்.

குமுளிச் சாரல்

அந்தத் தொகுப்புக்காகக் கேப்ரியேல் பல இடங்களில் தம் குரலைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பாடிச் சேர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும், அண்ணா. மேடையில் அன்றிரவு நிகழ்ந்ததுதான் நேரடிப் பதிவின் உயிர் என்றால், அந்தத் தொகுப்பைச் சான்றாக வைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

‘சப்பர்ஸ் ரெடி’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். இதற்காகவே நான் ‘செகண்ட்ஸ் அவுட்’ தட்டைக் கொண்டாடுகிறேன். மூன்றாம் பக்கம் முழுவதும் அந்த ஒரே பாடல்தான். ஒன்பது எண்ணிக்கையில் நடக்கும் பகுதியில், அடியில் தாளக்கட்டு இம்மியும் பிசகாமல் ஒன்பதையே சுற்றிக்கொண்டிருக்க, பாங்க்ஸ் அதற்குக் கட்டுப்படாதவர்போலச் சில இடங்களில் நான்கு நான்காக எண்ணிக்கொண்டு மேலே ஏறுகிறார். எங்கள் பாலக்காட்டுப் பக்கத்துக் கோவில்களில் செண்டைக்காரர்கள் கூடிக் கொட்டும் பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12 என்று சுருங்கிச் சுருங்கி ஆறில் வந்து நிற்கும்போது கூட்டம் தன்னை அறியாமல் கையை உயர்த்துமே, அந்த ஏற்றத்தை இங்கே நான் உணர்கிறேன். அந்த நெருக்கடி உடைந்து காலின்ஸின் குரல் நுழையும் இடத்தில் நடிப்பு இல்லை, ஐயா. தேவையும் இல்லை. நாடகத்தை அதுவரை வாத்தியங்கள் நடத்திவிட்டன. குரல் அந்தப் பாரத்தைத் தாங்கிப் பிடித்தால் போதும், அவர் பிடிக்கிறார்.

பியானோ முகப்பு போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் கிட்டார் அமுங்கிவிட்டது என்பதை ஏற்கமாட்டேன். அதே ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாடலில் ஹாக்கெட்டின் தனி வாசிப்பைக் கேளுங்கள். ஒரே சுரத்தை அறுந்துபோகுமோ என்று நாம் அஞ்சும் வரை நீட்டிப் பிடித்து நிறுத்துகிறார்.

நகரி நேயர்

அந்த நீட்டலை நானும் விரும்பிக் கேட்கிறேன், தம்பி. ஆனால் பஞ்சாரியின் முதல் நான்கு காலங்களை விட்டுவிட்டுக் கடைசிக் காலத்தை மட்டும் கொட்டினால் உங்கள் ஊர்க் கூட்டம் கையை உயர்த்துமா? ‘தி மியூசிகல் பாக்ஸ்’ பாடலுக்கு இந்தத் தட்டில் நேர்ந்தது அதுதான். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.