ஏற்காட்டு வீட்டை விற்றபோது வந்தவர்கள்

ஏற்காடு ஏரிக்கு மேலே இருந்த அப்பாவின் வீட்டைப் போன வருடம் விற்றோம். வாங்க வந்தவர்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன். மலையில் வீடு தேடுபவர்களுக்கு இது உதவும்.

கோடை விழா சமயத்தில்தான் கூட்டம் வரும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பு, வராந்தாவில் நின்று ஏரியைப் பார்த்ததும் போய்விடும். "ரேட் சொல்லுங்க" என்பார்கள். பத்திரத்தைக் கேட்பவர் அபூர்வம்.

பெங்களூரிலிருந்து வந்த ஒருவருக்குப் பின்னால் இருந்த காபித் தோட்டத்தின் மேல்தான் கண். வரிசையாக காட்டேஜ் போட வேண்டுமாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று தரகர் தலையாட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. மலைக் கிராமங்களில் கட்டடத்துக்கு, மலைப் பகுதிப் பாதுகாப்புக்கான ஹாகா என்ற அரசு அமைப்பின் அனுமதி வேண்டும், சமவெளியில் கட்டுவது போலக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்ப வரவில்லை. அதில் வருத்தமில்லை.

இன்னொருவர் சேலத்துக்காரர். நாங்கள் கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டார். ஆனால் பத்திரத்தில், பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பை மட்டும் போடுவாராம், மீதி ரொக்கமாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பார்த்தால் அவருக்கு மிச்சம்தான். ஆனால் வீடு விற்கும்போது 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அது விற்பவர் தலையில்தான் விழும். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேண்டாம்ப்பா."

அப்புறம் வந்தவர்கள் ஈரோட்டு டாக்டர் தம்பதி. வேண்டுமென்றே கார்த்திகை மழையில் வந்தார்கள். அந்த அம்மா ஏரிப் பக்கமே போகவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய், சுவரோடு பதித்த அலமாரியைத் திறந்து, உள்ளே கை வைத்துத் தடவிவிட்டு விரலை மோந்து பார்த்தார். "ஓதம் இருக்குங்களே" என்றார். சுவரில் ஈரம் ஊறுவதைச் சொன்னார். இருந்ததுதான். கார்த்திகை சமயத்தில் வடக்குச் சுவருக்கு வெயிலே படாது. அவர் கணவர் குடையோடு வெளியே நின்று, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று தோட்டம் பார்த்துக்கொண்ட அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து அவர் கேட்டதுதான் சரியான கேள்வி: "கார் வர்ற இந்தப் பாதை உங்க பட்டாவுல இருக்குங்களா?"

இல்லை. பாதை பக்கத்து எஸ்டேட் வழியாக வருகிறது. எங்களுக்கு நடைவண்டிப் பாத்தியம், அதாவது நடந்தும் வண்டியிலும் போய்வரும் உரிமை, மட்டும்தான், அதுவும் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதியிருந்தது. நாங்கள் இணையத்தில் எடுத்த வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்துக்குப் போகவில்லை. அதனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கி, பாத்தியத்தைப் புதுக் கிரயப் பத்திரத்திலும் வரி பிசகாமல் எழுதச் சொன்னார்கள். ஓதத்துக்காக விலையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தோம். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால், எங்கள் வருமான வரிக் கணக்கில் கட்டுவதற்காக 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து, மீதி முழுவதையும் வங்கி வழியாகவே கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தில் சேலத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம் வீடு தேடினோம். அங்கே இருக்கும் மூக்கனேரியில் 2010ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவே திட்டுகள் அமைத்து மரம் நட்ட பிறகு பறவைகள் வருகின்றன. அதைச் சொல்லித்தான் அங்கே மனையும் வீடும் விற்கிறார்கள். இங்கே நாங்கள் அந்த டாக்டரம்மா மாதிரியே கேள்வி கேட்டோம். ஒரு வீடு எல்லோருக்கும் பிடித்திருந்தது, வில்லங்கச் சான்றும் சுத்தம். ஆனால் அதில் பதிவான பரிமாற்றங்கள்தான் தெரியும், நிலம் யாருடையது என்பது தெரியாது. நிலம் யாருடையது என்று காட்டும் ஏ பதிவேட்டையும், எல்லை அளவுகள் உள்ள புலப்படத்தையும் வைத்து அளந்ததில், பின் சுவரும் மோட்டார் ரூமும் அரசு நிலமான ஓடைப் புறம்போக்கில் நின்றன. அதை விட்டுவிட்டு, ஏரி தெரியாத உள் தெருவில் வேறு வீடு வாங்கினோம்.