மணற்காட்டுக்குப் போகிறவர்கள் குழியானையை மிதிக்கிறோமா?

வடமராட்சியான்:
போன ஞாயிறு யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரையில் இருக்கிற மணற்காட்டுக்குப் போயிருந்தேன். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோவிலைப் பார்த்துவிட்டுச் சவுக்கங்காட்டுப் பக்கம் நடந்தால் ஐந்து வான், பாட்டுச் சத்தம். போன வருடம் அங்கே ஒரு மரத்தடியில், மணலில் குழி தோண்டி எறும்பு பிடிக்கும் சின்னப் பூச்சியான குழியானையின் குழி இருபதுக்கு மேல் எண்ணினேன். இப்போது டயர்த் தடமும் சோற்றுப் பார்சலும்தான். பாலைவனப் பூச்சிகளை மனிதர் அழிக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பனங்கூடல்:
முதலில் அது பாலைவனமே இல்லை, அண்ணை. வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெய்கிற இடத்தைத்தான் வழக்கமாக அப்படிச் சொல்வார்கள். எங்கள் மாரி மட்டுமே அதைத் தாண்டிவிடும். இது கடற்கரை மணல்மேடு. நமீபியாவின் சரளை வெளியில் வண்டித் தடம் பல பத்து வருடம் கிடக்கும்; இங்கே இரண்டு நாள் காற்றடித்தால் போச்சு. சவுக்கும் மனிதன் நட்டதுதானே? அதன் சருகு மணலைப் பாய் மாதிரி மூடினால் குழியானை எங்கே தோண்டும்? சோறு கொட்டினால் எறும்பு வரும், எறும்பு வந்தால் குழியானைக்கு விருந்து. மணல் ஏற்றும் டிப்பரை விட்டுவிட்டு வான்காரனைப் பிடிக்கிறீர்கள்.

வடமராட்சியான்:
சரி, பாலைவனம் என்றது என் பிழை. ஆனால் விருந்து வந்தால் போதுமா, இலை போட இடம் வேண்டாமா? நான் பார்த்தது சருகு விழாத ஓரத்தில், மாவு மாதிரி காய்ந்த மணலில். பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நகர்ந்து, தலையால் மணலை எற்றி எற்றித்தான் அது குழி தோண்டும். தின்னாமல் மாதக்கணக்கில் கிடக்கக்கூடிய பிராணிதான். ஆனால் மிதிபட்ட குழியைத் திரும்பத் திரும்பத் தோண்டினால் இருக்கிற தெம்பும் போய்விடும். நாங்கள் பாய் விரிக்கிற நிழலும் அதன் நிழலும் ஒன்று.

தும்பி:
இரண்டு பேரும் அடம்பன் கொடியை மறந்துவிட்டீர்கள். உச்சி மேட்டு வெறும் மணலில் நடப்பதால் பெரிய கேடு வராது. அடம்பன் படர்ந்த கரையில் வான் ஏறினால்தான் கொடி அறுந்து மணல் நகரும். காலையில் அந்தப் பூவுக்கு வரும் தேனீயும் வராது.

பனங்கூடல்:
அது நியாயம். வானை றோட்டோடு நிறுத்தச் சொல்லி மனு எழுதுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். டிப்பருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

வடமராட்சியான்:
இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். ஆனால் மாரிக்கு முதல் ஒருக்கா வந்து பாருங்கள். மழை விழுந்தால் குழி ஒன்றும் தெரியாது.