50 டிகிரி வெயில், மூடிய பெட்டி: ஃபேன் இல்லாத கணினி தாங்குமா?

வெளிநிலையம்:
ஆள் போக முடியாத இடத்தில் சோலாரில் ஓடும் கண்காணிப்பு நிலையம். கோடையில் காற்றே 50 டிகிரியைத் தொடும், தூசியும் உண்டு. 15 வாட் ப்ராசசர் உள்ள ஃபேன்லெஸ் கணினியை ஐபி65 தரத்து (தூசி புகாத, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும்) இரும்புப் பெட்டிக்குள் வைக்கத் திட்டம். டேட்டாஷீட்டில் 60 டிகிரி வரை ஓடும் என்று போட்டிருக்கிறது. போதுமா?

தழல்:
தாராளமாகப் போதும். இப்படிப்பட்ட இடத்தில் முதலில் சாவது ஃபேன்தான். சூட்டில் பேரிங் கிரீஸ் காய்ந்துவிடும், ஃபில்டரைத் தூசி அடைத்துவிடும், மாற்ற ஆளும் இல்லை. ஃபேன்லெஸ்ஸில் அசையும் பாகமே கிடையாது.

ஓம்விதி:
அந்த 60-ஐ அப்படியே நம்பாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் "0.7 மீட்டர்/வினாடி காற்றோட்டத்துடன்" என்று இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் இருக்கும். பூட்டிய பெட்டிக்குள் அந்தக் காற்று எங்கிருந்து வரும்?

கணக்குப் போடுவோம். பெட்டியின் வெளிப்பரப்பு 0.7 சதுர மீட்டர். பெயின்ட் அடித்த தகடு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 5.5 வாட் வெளியேற்றும். டர்போவில் (ப்ராசசர் வேகத்தைக் கூட்டி ஓடும்போது) கணினி 20 வாட், மோடமும் கன்வர்ட்டரும் 10 என்றால் உள்காற்று 8 டிகிரி கூடும். அடர்நிறப் பெட்டி நேர் வெயிலில் நின்றால் இன்னொரு 15. ஆக உள்ளே 73. ஹீட்சிங்க் (சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் துடுப்புள்ள உலோகக் கூடு) வாட்டுக்கு 1.2 டிகிரி என்று வைத்தால் மேலும் 24. கணினியின் கேஸே (வெளிக்கூடே) 97-க்கு வந்துவிட்டது. சிலிக்கான் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். பெரும்பாலான ப்ராசசர்கள் 100-ஐ ஒட்டி வேகத்தைக் குறைக்கும். மதியம் முழுக்க இயந்திரம் தவழும்.

தழல்:
கணக்கு சரி, ஆனால் அதில் பாதி பெட்டியின் குற்றம். மூடிய பெட்டிக்குள் ஃபேன் போட்டாலும் அதே சூட்டுக் காற்றைத்தான் கலக்கும். வெள்ளைப் பெட்டி எடுங்கள், மேலேயும் வெயில் படும் பக்கமும் 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டாவது தகடு கட்டுங்கள். அந்த 15, 3 அல்லது 4 ஆகும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) டர்போவை நிறுத்தி, பிஎல்1-ஐ, அதாவது ப்ராசசர் தொடர்ந்து எடுக்கும் மின்சக்தியின் வரம்பை, 10 வாட்டுக்கு இறக்கினால் கணினி மொத்தம் 13 வாட்தான். 50 + 6 + 3 + 16, கேஸ் 75-இல் நிற்கும். ஹீட்சிங்க் துடுப்புகள் செங்குத்தாக இருக்கட்டும், மேலும் கீழும் 10 செ.மீ. காலி விடுங்கள். படுக்க வைத்தால் சூடான காற்று மேலே ஏற வழியில்லை.

பட்டறையான்:
ரெண்டு பேரும் ப்ராசசரையே பிடிச்சு நிக்கிறீங்க. அது தன்னைத்தானே காப்பாத்திக்கும். டேட்டாவைச் சேமிக்கிற எஸ்எஸ்டிக்கு அந்த வசதி அரைகுறைதான். சாதாரண எஸ்எஸ்டிக்கு எல்லை 70 டிகிரி. 85 வரை தாங்குற இண்டஸ்ட்ரியல் கிரேடு வாங்குங்க. போர்டுல இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி ஏறினா ஆயுசு பாதி.

இன்னொன்னு: எம்.2 எஸ்எஸ்டிக்கும் (போர்டுல செருகுற பட்டை வடிவ எஸ்எஸ்டி) கணினி மூடிக்கும் நடுவுல தெர்மல் பேட் (சூட்டைக் கடத்துற மெத்தைத் துண்டு) தொடுதான்னு திறந்து பாருங்க. மாடலிங் களிமண்ணை ஒரு உருண்டை வெச்சு மூடியை முடுக்கிட்டு, நசுங்கின தடிமனை அளங்க. 0.8 மி.மீ. வந்தா 1 மி.மீ. பேட். மெல்லிசா போட்டா தொடவே தொடாது. ரொம்பத் தடிமனா போட்டா போர்டு வளையும்.

ஓம்விதி:
எஸ்எஸ்டி விஷயம் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தழல், கேமரா படத்தை அங்கேயே அலசும் வேலை என்றால் 10 வாட் பத்தாது. துடுப்பைப் பெட்டிக்கு வெளியே நீட்டி, தெர்மோஸ்டாட்டுடன் ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாத) ஃபேன் ஒன்றை அதன்மேல் ஊதவிடலாம். தூசி உள்ளே போகாது. ஃபேன் செத்தாலும் வேகம்தான் குறையும், கணினி நிற்காது.

தழல்:
செத்தது யாருக்குத் தெரியும்? ஃபேனின் சுழற்சி சிக்னலைத் தூரத்திலிருந்து பார்க்க வழி செய்யாமல் அதைப் போடாதீர்கள். துடுப்பைப் பெட்டிச் சுவர் வழியாக வெளியே எடுப்பதை மட்டும் முழுமனதாக ஆதரிக்கிறேன். அதற்கு கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம்) கட்டாயம்.

ஓம்விதி:
சிக்னல் கட்டாயம், சரி. எந்த வழியானாலும் அனுப்பும் முன் சோதியுங்கள். பெட்டியை மூடி, உண்மையான வேலைச்சுமையுடன் வெப்பம் ஏறி நிற்கும்வரை, குறைந்தது 4 மணி நேரம் ஓட்டுங்கள். கோர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழியுங்கள். அறை 28, கோர் 79 என்றால் வித்தியாசம் 51. அங்கே 50 டிகிரி காற்றில் கோர் 101 ஆகும். சூட்டில் சிலிக்கானின் கசிவு மின்சாரமும் கூடுவதால் மேலே 3 முதல் 5 சேருங்கள், வெயிலுக்குத் தனியாகச் சேருங்கள். வித்தியாசம் 40-க்குள் வரும்வரை பிஎல்1-ஐக் குறையுங்கள். அந்த வேகம் வேலைக்குப் போதவில்லை என்றால் மட்டும் வெளி ஃபேன்.