பழைய கிரேனில் ஓர் இரவு: நம் சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் ஒன்றை விட்டுவைக்கலாமா?

கரையோரத்தான்

நெதர்லாந்தின் வடக்கே ஹார்லிங்கன் என்றொரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. ரஷ்யாவிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் கப்பலில் வந்த மரத்தை 1996 வரை இறக்கிக்கொண்டிருந்த ஒரு கிரேனை அங்கே தங்கும் விடுதியாக மாற்றினார்கள். 1967இல் செய்யப்பட்ட கிரேன் அது. விடுதி என்றாலும் மொத்தமே ஓர் அறைதான், இருவர் தங்கலாம். எங்கள் திருமணத்தின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு நானும் மனைவியும் அங்கே ஓர் இரவைக் கழித்தோம்.

முன்பு மோட்டார்களும் கம்பிவடச் சுருளும் இருந்த இயந்திர அறையில், தரையிலிருந்து 17 மீட்டர் உயரத்தில் படுக்கை. ஓட்டுநரின் கூண்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து கைப்பிடியை லேசாகத் தள்ளினால் கிரேன் முழுவதும் திரும்புகிறது. படுக்கை, குளியலறை, வெளியே நீண்டிருக்கும் இரும்புக் கை எல்லாமும் சேர்ந்து. ஊர் விளக்குகளைப் பார்த்தபடி படுத்தோம். விடியுமுன் மனைவி எழுந்து கூண்டில் உட்கார்ந்து கடல் பக்கமாகத் திருப்பிவிட்டார். நான் கண் விழித்தபோது ஜன்னல் நிறைய வாடன் கடல். நீர் வடிந்து சேறு மினுங்கிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதிலிருந்து ஒரே எண்ணம். 1972 ஜூன் 23 அன்று ராட்டர்டாமிலிருந்து ‘நிஹோன்’ என்ற கப்பல் 300 கொள்கலன்களோடு தஞ்சோங் பகாருக்கு வந்தது. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் அன்றுதான் வேலையைத் தொடங்கியது. இன்று துவாசில் புதிய துறைமுகம் எழுந்துவிட்டது. 2027க்குள் கெப்பல், பிரானி முனையங்களும் அங்கே போய்ச் சேரும் என்பது திட்டம். போகிறபோது ஒரே ஒரு கிரேனையாவது கரையில் நிற்கவிட வேண்டும், அதில் மனிதர்கள் இரவு தங்க வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்காங் செல்வி

எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை, அண்ணா.

என் அப்பாவுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் கிடையாது. ஒரு கப்பல் பட்டறையில் கிரேனுக்குக் கீழே நின்று கொக்கி மாட்டுகிற வேலை. கொக்கிக்கும் கம்பிவடத்துக்கும் நடுவே கை இருந்தபோது மேலே இழுத்துவிட்டார்கள். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். நான் பள்ளிக்கூடம் போகும்போது அவர் சட்டைப் பொத்தானை இடக்கையால் போட்டுக்கொள்ளப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவள்.

நீங்கள் ஹார்லிங்கனைச் சொன்னீர்கள். ஆம்ஸ்டர்டாமில் மூடிப்போன என்.டி.எஸ்.எம். கப்பல் பட்டறையில் ஃபரால்டா கிரேன் ஹோட்டல் 2014இல் திறந்தது. மூன்று சொகுசு அறைகள், உச்சியில் வெந்நீர்த் தொட்டி. கோபன்ஹேகனின் நூர்ஹவ்னில் நிலக்கரி அள்ளிய கிரேன் ஒன்றும் இருவர் தங்கும் சொகுசு அறையாகிவிட்டது. நிலக்கரியை நினைவூட்ட வேண்டும் என்று அதன் உட்புறம் முழுவதையும் கறுப்பாகவே செய்திருக்கிறார்கள். ஒருவருடைய நுரையீரலில் படிந்த கறுப்பு இன்னொருவருக்குச் சுவர் அலங்காரமாவதை என்னால் ஏற்க முடியவில்லை. உழைத்த இரும்பை மதிக்க வேண்டுமானால் அதைச் சுற்றி ஒரு பூங்கா போடுங்கள், விபத்தில் போனவர்களின் பெயர்களைச் செதுக்கி வையுங்கள். மெத்தை போட வேண்டாம்.

துருவறிந்தவன்

நான் எஃகுக் கட்டமைப்புகளைச் சோதிக்கிற பொறியாளன். உணர்ச்சிக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீங்கள் இருவரும் சொல்லும் கிரேனும் நம் துறைமுகத்துக் கிரேனும் ஒரே வகை அல்ல.

ஹார்லிங்கனில் இருப்பது ஓர் அச்சில் சுழலும் கிரேன். ஆம்ஸ்டர்டாமில் இருப்பதும் அப்படித்தான். ஆம்ஸ்டர்டாம் கிரேன் காற்றடிக்கிற பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். வேலை செய்யாத நேரத்தில் சில வகைச் சுழலும் கிரேன்களை இப்படிக் கட்டிப்போடாமல் விடுவதுண்டு. காற்றுக்கு முகம் கொடுத்து எதிர்த்து நின்றால் அத்தனை விசையும் கட்டமைப்பின் மேல் விழும். திரும்ப விட்டால் காற்று வழுக்கிப் போய்விடும். ஆகவே அங்கே தங்குகிறவர் இரவில் உணர்கிற அந்த மெல்லிய அசைவு பழுதல்ல, அந்த இயந்திரத்தின் இயல்பு.

நம் கொள்கலன் கிரேன் சுழலாது. கரையோரத் தண்டவாளத்தில் பக்கவாட்டில் நகரும். ஓட்டுநர் கூண்டு மேலே உத்தரத்துக்கு அடியில் தொங்கியபடி கப்பலுக்கும் கரைக்கும் போய்வரும். அதைத் தங்குமிடமாக்கினால் அறையை உச்சியிலுள்ள இயந்திரக் கொட்டகையில்தான் அமைக்க முடியும். மின்தூக்கி, தீ விபத்தில் இறங்கி ஓட இரண்டாவது வழி, குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் அத்தனை உயரத்துக்குப் போக வேண்டும். இவற்றை விடப் பெரிய தலைவலி உப்புக்காற்று. ஆம்ஸ்டர்டாம் கிரேனை 2013இல் பிரித்து எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீரமைத்த பிறகுதான் மறுபடி நிறுத்தினார்கள். நம் வெயிலிலும் ஈரத்திலும் வண்ணம் உரிந்த இடத்தில் துரு எவ்வளவு வேகமாக உள்ளே இறங்கும் என்பதை நான் சுத்தியலால் தட்டிப் பார்த்தே அறிவேன். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும்; தின்னப்பட்ட எஃகு தொப்பென்று கேட்கும்.

முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு கவனிக்காமல் விட்டாலும் ஆபத்து.

தேக்கா வாசகன்

இவ்வளவு தொலைவு எதற்கு? சாங்கி வில்லேஜில் 2023 டிசம்பரில் பஸ் ஹோட்டல் திறந்தார்களே. ஓய்வுபெற்ற 20 பொதுப் பேருந்துகளை அறைகளாக்கியிருக்கிறார்கள். திறந்தபோது ஓர் இரவுக்கு ஏறத்தாழ 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார்கள். ஒரு வெள்ளி சொச்சத்துக்கு ஏறி இறங்கிய பஸ்ஸில் படுக்க 400 வெள்ளியா என்று என் வீட்டில் எல்லோருக்கும் ஆற்றாமை.

பொங்கோல் இளையவன்

நான் போய்த் தங்கினேன், தேக்கா அண்ணா. காசு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் தாத்தா பஸ் ஓட்டுநர். அவரை அழைத்துப்போனேன். உள்ளே நுழைந்ததும் படுக்கையைப் பார்க்கவில்லை, குளியலறையைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் போய் ஸ்டியரிங்கின் மேல் கை வைத்தார். பிறகு இடப்பக்கம், பக்கவாட்டுக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாகியும் கழுத்து தானாகவே திரும்பியது. ஒரு பஸ்ஸுக்கு 17 ஆண்டு ஆயுள் என்று வைத்து, காலம் முடிந்ததும் உடைத்துவிடுவார்கள் என்பதை அன்றிரவுதான் எனக்குச் சொன்னார். அந்தப் பஸ் இரும்புக்கடைக்குப் போயிருந்தால் இந்தப் பேச்சு எங்களுக்குள் நடந்தே இருக்காது.

செங்காங் செல்வி

தம்பி, உன் தாத்தாவை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்த 400 வெள்ளியைக் கொடுக்க உன்னைப் போல் ஒரு பேரன் எத்தனை ஓட்டுநருக்கு வாய்ப்பான்?

கரையோரத்தான்

செல்வி, அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அரை நாள் பதில் எழுதவில்லை. கோபன்ஹேகனின் கறுப்பு அறையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை நானும் இனி அப்படித்தான் பார்ப்பேன்.

ஆனாலும் பூங்காவில் நிறுத்திய இயந்திரம் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். திறப்பு விழாவுக்கு வண்ணம் பூசுவார்கள். பத்தாண்டில் துரு. பிறகு ‘அருகே செல்லாதீர்’ என்று வேலி. துருவறிந்தவர் சொன்ன ஓயாத கவனிப்புக்கு ஆண்டுதோறும் யார் பணம் கொடுப்பது? ராபர்ட்சன் கீயில் 1895இல் கட்டிய கிடங்குகள் 2017 முதல் ஹோட்டலாக இருக்கின்றன. கூரையும் சுவரும் இன்று உறுதியாக நிற்பதற்கு அந்த வருமானம்தான் காரணம். 1927இல் நிலக்கரியில் ஓடத் தொடங்கிய செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் இன்று டைசன் நிறுவனத்தின் தலைமையகம். கட்டடங்களைக் காப்பாற்ற நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். இயந்திரங்களைத்தான் எடைக்குப் போடுகிறோம்.

பழைய துறைமுகத்தான்

பேரன் இந்த விவாதத்தைக் காட்டினான். நான் சொல்ல, அவன் தட்டச்சு செய்கிறான்.

1979 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொள்கலன் கிரேன் ஓட்டினேன். பத்து மாடிக்கு மேல் உயரத்தில் கூண்டு. கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை. இரண்டு கையிலும் கைப்பிடி, முதுகை வளைத்துக் காலிடுக்கு வழியாகக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொள்கலனைப் பிடிக்கும் சட்டம் கம்பிவடத்தில் ஊசலாடிக்கொண்டே இறங்கும். ஊசலுக்கு எதிராக இழுத்தால் இன்னும் ஆடும். அது போகிற பக்கம் கூண்டையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிடித்தால்தான் நிற்கும். நான்கு மூலைப் பூட்டும் விழுந்து விளக்கு எரிகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். இறங்கி ஏற நேரமாகும் என்பதால் தண்ணீரைக் குறைத்துக் குடிப்போம். இன்றும் என்னால் கழுத்தை முழுவதும் நிமிர்த்த முடியாது.

செல்வி அம்மா, உங்கள் கோபம் நியாயம். கீழே நின்றவர்கள்தான் அடிபட்டார்கள். மேலே இருந்தவனுக்கு அந்தப் பயம் தினமும் இருந்தது.

ஆனால் என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். துறைமுகம் வேலிக்கு உள்ளே இருந்த இடம். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வர முடியாது. என் மனைவி நான் வேலை பார்த்த இடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. பிள்ளைகளும் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு சரி. ஒரு கிரேனை விட்டுவைத்தால் அந்த வேலி திறக்கும்.

செங்காங் செல்வி

ஐயா, வணக்கம். நீங்கள் சொல்வதற்காகத்தான் நானும் வாதாடுகிறேன். உங்கள் குடும்பம் ஏறிப் பார்க்க ஹோட்டல் எதற்கு? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து, எல்லோரையும் கட்டணமில்லாமல் மேலே அழைத்துப்போனால் போதாதா? ஹோட்டலாக்கினால் மறுபடியும் வேலிதான் வரும். முன்பு அனுமதிச் சீட்டு, இனிமேல் கடன் அட்டை.

துருவறிந்தவன்

பகலில் மக்களை ஏற்றிக்கொண்டு இரவில் ஓர் அறையை வாடகைக்கு விடலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையல்ல. வாடகைப் பணம் வண்ணம் பூச ஆகும்.

பழைய துறைமுகத்தான்

பகலில் ஏறிப் பார்ப்பது நல்லதுதான், அம்மா. வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் துறைமுகம் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும். எனக்குப் பெரும்பாலும் இரவுப் பணி. மூன்று மணிக்குக் கப்பலில் ஓர் அடுக்கு முடிந்து அடுத்த மூடியைத் திறக்கிறவரை சற்று நேரம் கிடைக்கும். அப்போதுதான் தலையைத் தூக்குவேன். ஒரு பக்கம் ஊர் முழுவதும் தூங்கும், அரசாங்க வீவக அடுக்குமாடிகளின் தாழ்வார விளக்குகள் மட்டும் வரிசையாக எரியும். என் வீடு அதில் எது என்று தேடுவேன். இன்னொரு பக்கம் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்கு, கடல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு மறுபடி குனிய வேண்டும்.

அந்த நேரத்தில் என் மனைவி வீட்டில் தனியாகப் படுத்திருந்தார். அந்த மூன்று மணியை அவருக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பகலில் போய்ப் பயனில்லை.

கரையோரத்தான் தம்பி, ஹார்லிங்கனில் மேலே ஏற மின்தூக்கி இருந்ததா? என் மனைவிக்கு முழங்கால் வலி.

கரையோரத்தான்

இருந்தது ஐயா. சிறியதுதான், ஆனால் படி ஏறத் தேவையில்லை.

செங்காங் செல்வி

ஹோட்டல் வேண்டும் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் ஐயா, கிரேன் நின்றால் முதல் இரவு உங்களுக்கு என்று எழுதிக் கேட்கிற மனுவில் என் கையெழுத்தும் இருக்கும். அப்பாவையும் போடச் சொல்கிறேன். இடக்கையால்தான் போடுவார்.