குடும்பக் குழு: மணிக்கூடு கீறுற விதம்

செங்கலடி மச்சாள்: சின்னவன் மணிக்கூடு கீறிக் கொண்டு போகணுமாம். 12ல இரிந்து 1, 2 எண்டு வரிசையா எழுதிக்கிட்டே போறான், 9ஓட வட்டம் முடியிது. 10, 11க்கு இடமில்ல. எப்பிடிகா கீறுற?

ரீச்சர் மாமி: வரிசையா எழுதினா அப்பிடித்தான் மனே வரும். முதல்ல 12, 6. மறுகா 3, 9. மிச்சம் எட்டும் கடைசியிலதான். கவராயம் இரிக்கா?

செங்கலடி மச்சாள்: இரிக்கி மாமி

ரீச்சர் மாமி: 6 சென்ரிமீற்றர் விரிச்சு வட்டம் போடு. தாளுக்குக் கீழ தடிச்ச கொப்பி ஒண்ட வை. வெறும் மேசையில ஊசி வழுக்கும், கோடு தொடங்கின இடத்துல வந்து முட்டாது. மையத்தால மேல கீழ ஒரு கோடு, குறுக்க ஒரு கோடு. அமத்தாத, பிறகு அழிக்கணும்.

காரைதீவு அண்ணா: கவராயத்த மூடிராதங்க! அதே 6ல விட்டு, 12ல ஊசியக் குத்தி வட்டத்துல ரெண்டு பக்கமும் வெட்டினா 2, 10. 3ல குத்தினா 1, 5. 6ல குத்தினா 4, 8. 9ல குத்தினா 7, 11. பாகைமானியே தேவையில்ல. ஆரை அளவுக்கு வெட்டினா மையத்துல 60 பாகை. ரெண்டு மணித்தியால இடைவெளியும் அதே 60தான்.

செங்கலடி மச்சாள்: அட, நல்லாரிக்கே 👍 ஆனா அவன் ரெண்டாம் ஆண்டு, கவராயம் பிடிக்க மாட்டான்

ரீச்சர் மாமி: அப்ப ரின் மூடி ஒண்ட வெச்சுச் சுத்திக் கீறி, வெட்டி, ரெண்டா மடிச்சு, திரும்பவும் ரெண்டா மடி. மடிப்பு வெட்டுற இடம் மையம், ஓரத்துல முட்டுற நாலு இடம் 12, 3, 6, 9. ஒவ்வொரு கால்வாசியையும் மூண்டு சமபங்காக்கி ரெண்டு புள்ளி வை. பிள்ளையள் நடுவுல ஒண்ட வெச்சிட்டு மற்றத எங்கயாவது சொருகுவாங்க. அதாலதான் 1ம் 2ம் ஒட்டிக்கிட்டுக் கிடக்கிற.

செங்கலடி மச்சாள்: இலக்கம் ஓரத்துல முட்டுது

காரைதீவு அண்ணா: 1 சென்ரிமீற்றர் உள்ளுக்கு இன்னொரு மெல்லிய வட்டம் போட்டு, அதுக்கு மேல இலக்கத்துட நடு வாற மாதிரி எழுதச் சொல்லுங்க. எழுதக்குள்ள தாளச் சுத்த விடாதங்க. சுத்தினா 6 தலகீழா நிண்டு 9 மாதிரித் தெரியும்.

கல்முனை தங்கச்சி: முள்ளு எவ்வளவு நீளம்?

ரீச்சர் மாமி: 6 சென்ரிமீற்றர் விரிச்சுக் கீறின வட்டத்துக்குச் சின்ன முள்ளு 3, பெரிசு 4.5. சின்னத கொஞ்சம் தடிப்பா போடுங்க. ரெண்டும் ஒரே நீளமா வந்தா என்ன நேரமெண்டு யாருக்கும் விளங்காது.

கல்முனை தங்கச்சி: 3.30 போடுவமா?

காரைதீவு அண்ணா: போடலாம், சின்ன முள்ளு சரியா 3ல நிண்டா பிழை. அது 3க்கும் 4க்கும் நட்டநடுவுல நிக்கணும். நிமிசத்துக்கு அரைப்பாகை அதுவும் நகருதே. எனக்கெண்டா 10.10தான் நல்லம், கடை விளம்பரத்துல வாற மாதிரி ரெண்டு முள்ளும் விரிஞ்சு வடிவா நிக்கும். சின்னது 10ஐ 5 பாகை தாண்டினாப் போதும். 12.00 வேணவே வேணாம், ஒண்டுக்கு மேல ஒண்டு மறைஞ்சிரும்.

கல்முனை தங்கச்சி: நிமிசக் கோடு?

ரீச்சர் மாமி: ரெண்டு இலக்கத்துக்கு இடையில 4 கோடு, 5 இல்ல. சின்னவனுக்கு அது வேணாம் மனே, கண்டபடி நெருக்கி அசிங்கமாக்கிருவான். மையத்துல மொத்தமா ஒரு பொட்டு வெச்சாக் காணும்.

காரைதீவு அண்ணா: உரோமன் இலக்கத்துல கீறினா இன்னும் எடுப்பு. பழைய மணிக்கூடுகள்ல 4க்கு நாலு கோடு நிமித்தி வெச்சிரிக்கும், பாத்திரிக்கிங்களா?

ரீச்சர் மாமி: ரெண்டாம் ஆண்டுக்கு எதுக்கு தம்பி உரோமன்! புள்ள, பேனையால கீறினா மை காயமுதல் அழிறப்பர் போடாத, கறுப்பா இழுபடும்.