'ஸ்டீரியோடைப்' - தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புக்கான ஊடகக் கல்விப் பயிற்சிநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஜெண்டர் ஸ்டீரியோடைப்' (ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று மனத்தில் உறைந்துபோன எண்ணம்) என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நான்காம் பாடம் முழுக்க அதைப் பற்றித்தான். 2019 ஜூனில் பிரிட்டனில் விளம்பரங்களுக்கு ஒரு விதி வந்தது: ஆண் இப்படி, பெண் இப்படி என்று தீங்கு விளையும் வகையில் காட்டக்கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத அப்பாக்களைக் காட்டிய விளம்பரம்கூட அதில் தடையானது. இதைப் பாடமாக எழுதச் சொல் வேண்டும்.

முதல் வரைவில் 'பாலினப் பாத்திர மாதிரிப்படிமம்' என்று போட்டிருந்தேன். வகுப்பில் சோதித்தபோது ஒரு மாணவி, "பாத்திரம்னா பெண்கள் கழுவுறதா டீச்சர்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அன்றே அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

* * *

அம்மா, வணக்கம்.

'பாலினம்' எதற்கு, 'பால்' போதும். பகு, பகல், பகுதி, பாதி, பால் எல்லாம் ஒரே வேர். பகுக்கப்பட்டது பால். 'பங்கு' என்பதும் அங்கிருந்தே வந்தது என்பது என் எண்ணம். அப்படியானால் 'பால்' என்று சொல்லும்போதே யாருக்கு எந்தப் பங்கு என்ற கேள்வியும் உள்ளே இருக்கிறது! தொல்காப்பியர் 'ஆடூஉ அறிசொல், மகடூஉ அறிசொல்' என்கிறார். ஆணை, பெண்ணை அறியவைக்கும் சொல் என்று பொருள். ஊடகம் செய்வதும் அதுதானே? நடை, உடை, நிறம் எல்லாவற்றையும் அறிசொல்லாக்கி விடுகிறது. வழக்கும் (மக்கள் புழங்கும் பேச்சு) செய்யுளும் என்ற மரபை ஒட்டி 'பால்வழக்கு' என்று சொல்லலாம். கிரந்தமும் இல்லை, கலப்பும் இல்லை.

* * *

> 'பால்வழக்கு' என்று சொல்லலாம்

ஐயா, உங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு பிடித்தது. ஆனால் இன்றைய மாணவருக்கு வழக்கு என்றால் நீதிமன்றம். பால் என்றால் குடிப்பது. இரண்டையும் சேர்த்தால் பால் கலப்பட வழக்கு என்று நினைப்பார்கள்.

ஸ்டீரியோடைப் என்பது அச்சுக்கூடத்துச் சொல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கோத்த எழுத்துப் பக்கத்தை அச்செடுத்து ஒரே உலோகத் தகடாக வார்த்தார்கள். எத்தனை படி வேண்டுமானாலும் அடிக்கலாம், ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மனத்தில் உறைந்த படத்துக்கு அந்தச் சொல்லை 1922இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் எடுத்தாண்டார். நம்மிடமும் 'அச்சில் வார்த்தாற்போல' என்ற வழக்கு இருக்கிறது. 'அச்சுவார்ப்பு' என்று சொல்லிப் பாருங்கள். பாடத்தில் 'பாலின அச்சுவார்ப்பு'.

* * *

எனக்கு உடன்பாடில்லை. கணினித் தமிழில் 'வார்ப்புரு' என்றால் டெம்ப்ளேட். தமிழ் விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாகப் புழங்கும் சொல். நாளைக்கு இரண்டும் குழம்பும். 'ஒரேமாதிரிப் பார்வை' என்று எழுதினால் விளக்கமே வேண்டாம். கலைச்சொல்லைப் புரியவைக்க இன்னொரு பாடம் எழுத வேண்டியிருந்தால் அது என்ன கலைச்சொல்?

* * *

புரிதல் முக்கியம்தான். ஆனால் 'ஒரேமாதிரிப் பார்வை' என்றால் குறை பார்ப்பவர் கண்ணில் இருப்பதாகிவிடுகிறது, செய்தவர் தப்பித்துக்கொள்கிறார். 'வார்த்தல்' செயப்படுபொருள் குன்றாவினை. சொன்ன உடனே யார் வார்த்தார், எதை வார்த்தார் என்ற கேள்விகள் வரும். ஊடகக் கல்வியின் முதல் பாடமே அதுதான்: திரையில் தெரிவது தானாக வந்ததல்ல, யாரோ செய்தது. உலகளாவிய ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் கணக்கில், செய்திகளில் இடம்பெறும் மனிதர்களில் பெண்கள் 1995இல் 17 விழுக்காடு, 2020இல் 25. கால் நூற்றாண்டில் எட்டே புள்ளி. இதைப் பார்ப்பவர் செய்யவில்லை. செய்தி அறையில் யாரைப் பேட்டி காண்பது என்று முடிவெடுத்தவர்கள் செய்தது.

* * *

மொழியே வார்த்து வைத்திருப்பதையும் சேருங்கள் அம்மா. இல்லாள் என்றால் இல்லத்துக்கு உரியவள். இல்லான் என்றால் பொருள் இல்லாதவன். ஒன்று வீடு என்னும் இல், மற்றது இன்மை என்னும் இல். வீட்டை வைத்து ஆணுக்கு ஒரு பெயர் அந்த வாய்பாட்டில் நிலைக்கவே இல்லை. இன்றைய செய்தியிலும் 'பெண் விமானி' உண்டு, 'ஆண் விமானி' எங்கே? மாணவர்களையே ஒரு வாரச் செய்தித்தாளில் எண்ணச் சொல்லலாம். சரி, பால்வழக்கை நான் வலியுறுத்தவில்லை. ஆனால் 'இனம்' மிகை என்ற கருத்தில் மாற்றமில்லை.

* * *

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் வரை வந்த மடல்களில் ஐந்து பேர் 'அச்சுவார்ப்பு', இரண்டு பேர் 'ஒரேமாதிரிப் பார்வை'. 'பாலின அச்சுவார்ப்பு' என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் அச்சுத் தகட்டின் கதை நான்கு வரியில் இருக்கும். ஐயா சொன்ன விமானி கணக்கைப் பயிற்சியாகச் சேர்த்துவிட்டேன். 'மீடியா லிட்டரசி'க்கு 'ஊடக எழுத்தறிவு' என்பதா 'ஊடகத் தெளிவு' என்பதா என்பதை அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொள்வோம், இப்போது நேரமில்லை.

* * *

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனாலும் வார்ப்புரு குழப்பம் வரத்தான் போகிறது. பின்னிணைப்புச் சொல்லடைவில் 'ஒரேமாதிரிப் பார்வை' என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்க முடியுமா? மெய்ப்பு இன்னும் கையில்தானே இருக்கிறது?